ஊரிடம் பாடங் கேட்டல்

நூலைப் படிப்பதற்கு எழுத்தறிவு வேண்டும். ஊரைப் படிப்பதற்கு என்ன வேண்டும்? மானிடவியல் என்னும் துறையிற் புகும் மாணவன் முதன்முதல் எதிர்கொள்ளும் வினா இதுவே. இரசாயனம் பயில்வோனுக்கு ஆய்வுகூடம் உண்டு. வரலாறு பயில்வோனுக்குச் சுவடிச்சாலை உண்டு. மானிடவியல் பயில்வோனுக்கோ பிறர் வீட்டு முற்றமே ஆய்வுகூடம். அவர்கள் வாழும் வாழ்க்கையே சுவடி. அம்முற்றத்தில் எவ்வாறு இருப்பது, எதை வினாவுவது, எதை வினாவாது விடுவது, கண்டதையுங் கேட்டதையும் எவ்வாறு எழுதுவது என்னும் இவற்றைக் கற்பதே கள ஆய்வுப் பயிற்சியாகும். இப்பயிற்சியை யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்துச் சிறிது ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உலக மக்களின் வழக்கங்களைப் பற்றிப் பெருநூல்கள் எழுதிய அறிஞர் பலர், தாம் எழுதிய மக்களை நேரிற் கண்டவரல்லர். பாதிரிமாரும் வணிகரும் அரசாங்க உத்தியோகத்தரும் எழுதியனுப்பிய குறிப்புகளைத் தம் நூலகத்திலிருந்தே தொகுத்தனர். 1898-ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து தொறஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஒரு குழு சென்றது. அக்குழுவிலே சென்ற றிவேர்ஸ் என்னும் மருத்துவர், ஒவ்வொருவரிடமும் தாய் தந்தையர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரின் பெயர்களை நிரல்படக் கேட்டு எழுதும் வமிசாவளி முறையை வகுத்தார். பின்னர் அவர் நீலகிரிக்கு வந்து தோடரிடையே ஆராய்ந்து 1906-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் போலந்து நாட்டவராகிய மலினொவ்ஸ்கி 1915-க்கும் 1918-க்கும் இடையில் திரோபிரியாந்துத் தீவுகளிலே நெடுங்காலம் தங்கினார். ஊர் நடுவே கூடாரம் அடித்து, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களுடைய அன்றாட வாழ்வை நாடோறும் பதிந்தார். 1922-இல் வெளிவந்த அவருடைய நூலே கள ஆய்வு முறைக்கு இலக்கணமாய் அமைந்தது.

யாழ்ப்பாணம் இத்தகைய ஆராய்ச்சிக்குப் புதிய களமன்று. 1950-களின் முற்பகுதியில் மைக்கேல் பாங்ஸ் என்னும் ஆங்கிலேயர் இங்கு வந்து ஆராய்ந்தார். யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் பற்றிய அவரது கட்டுரை, எட்மண்ட் லீச் பதிப்பித்த தொகுதியொன்றில் 1960-இல் வெளிவந்தது. வெளியார்க்கு ஒன்றாகத் தோன்றும் சாதி, உள்ளே சொந்தக்காரர் என்னும் சிறு வட்டங்களாகப் பிரிந்து, அவ்வட்டங்களுக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வாழ்வதை அவர் எடுத்துக்காட்டினார். அவருக்குப் பின் அமெரிக்கரான கெனத் டேவிட் குடாநாட்டுக் கிராமங்களைப் பற்றிச் சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்கு 1972-இல் ஆய்வேடு சமர்ப்பித்தார். பிரயன் பவ்வன்பேகர் என்பாரின் நூல் 1982-இல் வெளிவந்தது. 1974-இல் திருநெல்வேலியிலே பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பெற்று, 1979-இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாகிய பின்னர், ஆராய்வோர் இவ்வூர்ப் பிள்ளைகளாகவும் ஆயினர். அப்பல்கலைக்கழகத்துச் சமூகவியற் பேராசிரியராக விளங்கிய என். சண்முகலிங்கன் தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயில் வழிபாட்டை ஆராய்ந்து எழுதிய நூல் இதற்கு நல்ல சான்று.

அந்நியன் ஆராய்வதற்கும் ஊர்ப்பிள்ளை ஆராய்வதற்கும் வேறுபாடு உண்டு. அந்நியனுக்கு மொழி தெரியாது. ஆகவே அவன் ஒவ்வொன்றையும் கேட்டறிகிறான். ஊர்ப்பிள்ளைக்கு மொழி தெரியும். ஆகவே அவன் ஒன்றையுமே கேட்பதில்லை. தெரிந்தது என்ற எண்ணமே அவனுக்குத் தடையாகிறது. ஓர் உதாரணம் காண்போம். நம் ஊர் ஒழுங்கைகளில் பூவரசங் கதியாலும் பனையோலையும் கொண்டு அடைத்த வேலிகளைக் கண்டிருக்கிறோம். அவ்வேலியில் ஒருவர் நுழைந்து அடுத்த வளவுக்குப் போகத்தக்க இடைவெளி ஒன்று இருக்கும். அதனைப் பொட்டு என்கிறோம். பெண்கள் தெருவுக்கு ஏறாமல் அப்பொட்டினாலே போய் நெருப்பெடுப்பர், கறி கொடுப்பர், செய்தி சொல்லுவர். அந்நியன் ஒருவன், “எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் இடையிலே பொட்டு உண்டு? எங்கே இல்லை? முன்பிருந்து அடைபட்ட பொட்டு எது? அடைபட்டது எந்த ஆண்டில், என்ன காரணத்தால்?” என்று கேட்பான். அவற்றைக் குறித்து ஒரு படம் வரைந்தால், உறவும் பகையும் சீதன வழக்கும் காணிப் பிணக்கும் அப்படத்திலே தெரியும். நமக்கோ அது வெறும் பொட்டு. இன்று பல ஒழுங்கைகளில் வேலி போய் மதில் வந்துவிட்டது. மதிலிலே பொட்டு வைப்பாரில்லை. அடுத்த வீட்டுக்குப் போகும் பெண் இப்பொழுது படலையைத் திறந்து தெருவுக்கு வரவேண்டும். இம்மாற்றம் அயலுறவை என்ன செய்தது என்பது ஓர் ஆய்வுக்கு உரிய பொருளாகும்.

களத்துக்குச் செல்லும் மாணவன் முதலில் அறியவேண்டியது, ஊரை அவன் ஆராயுமுன் ஊர் அவனை ஆராய்ந்துவிடும் என்பது. கொப்பியும் பேனாவுமாக ஒழுங்கையில் இறங்கியவுடனே, “தம்பி எவடம்? ஆற்றை பிள்ளை?” என்று கேட்பார்கள். தாயின் ஊர், தந்தையின் ஊர், படித்த பள்ளிக்கூடம், கும்பிடும் கோயில் என்று நாலைந்து கேள்விகளில் அவனுடைய குலம், குடி, நிலை எல்லாம் அவர்களுக்கு விளங்கிவிடும். அதன் பின்னரே கதிரையைத் திண்ணையிற் போடுவதா, உள் விறாந்தையிற் போடுவதா, எந்தப் பாத்திரத்திலே தண்ணீர் கொடுப்பது என்பன தீர்மானமாகும். அவனுக்குச் சொல்லப்படும் விடைகளும் அத்தீர்மானத்தின்படியே அமையும்.

இதற்கு எவரும் விலக்கல்லர். தஞ்சாவூர் மாவட்டத்திலே ஒரு கிராமத்துக்குச் சிறீபுரம் என்று புனைபெயரிட்டு ஆராய்ந்த அந்திரே பெத்தேய், 1965-இல் வெளியிட்ட நூலிலே தமது நிலையை ஒளியாது சொல்லியிருக்கிறார். அவர் அக்கிரகாரத்திலே தங்கினார். அதனால் ஊரார் அவரைப் பிராமணராகவே நடத்தினர். அக்கிரகாரத்தின் உள்ளே கதவுகள் திறந்தன. ஆதிதிராவிடர் வாழ்ந்த பகுதிக்குப் போவது அரிதாயிற்று. தங்குமிடம் ஒன்றைத் தேர்ந்தபொழுதே அவர் கேட்கக்கூடிய செய்திகளும் பாதி தேர்ந்துகொள்ளப்பட்டன. ஆகவே மாணவன் தான் எந்தப் படலையால் ஊருக்குள் நுழைந்தான் என்பதை ஆய்வேட்டிலே எழுதவேண்டும். இயன்றவரை ஒரே படலையால் நுழையாது பல படலைகளாலும் நுழையவேண்டும். விதானையாரும் தலைமை ஆசிரியரும் கோயில் மணியகாரரும் அறிமுகஞ் செய்த வீடுகளோடு நின்றுவிட்டால், அவன் அறிவது ஊரின் ஒரு பக்கமே.

அடுத்தது, கேட்டதையும் கண்டதையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளல். “எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வது” என்று ஒருவர் சொன்னால் அது ஊரின் நியதியைச் சொல்கிறது. நடப்பது வேறாக இருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்பது பொருளன்று. நியதியும் ஓர் உண்மையே. ஆயினும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். எட்மண்ட் லீச் 1954-இல் அநுராதபுரப் பகுதியிலுள்ள புல் எலிய என்னும் கிராமத்தை ஆராய்ந்தபொழுது, உறவுமுறை பற்றி மக்கள் சொன்னதோடு நில்லாமல், குளத்துக்குக் கீழுள்ள வயற்றுண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி, எது எவர் கையில் இருந்து எவர் கைக்குப் போயிற்று என்று ஆராய்ந்தார். 1961-இல் வெளிவந்த அவரது நூலின் வலிமை அந்தப் பொறுமையிலே தங்கியிருக்கிறது.

குடாநாட்டிலே குளத்தின் இடத்தைப் பெரும்பாலும் கிணறு பெறுகிறது. தோட்டக்கிணறு பலருக்குப் பங்கானது. காணி உறுதியிலே பரப்புக் கணக்கோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். அந்தச் சிறு நிலத்தையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்பொழுது கிணற்றின் பங்கு மேலும் மேலும் நுண்ணிதாகும். துலா மிதித்து இறைத்த காலத்திலே இறைப்புக்கு ஆட்கள் சேரவேண்டும், முறை பார்க்கவேண்டும், ஆதலால் பங்காளிகள் ஒருவரோடொருவர் பேசாது இருத்தல் அரிது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் ஒருவரே தனித்து இறைக்கலாயிற்று. உறுதியில் எழுதிய முறை ஒன்று. விடியற்காலையில் உண்மையாக நடக்கும் முறை இன்னொன்று. உறுதியைப் படித்தவன் முன்னதை அறிவான். நாலு மணிக்கு எழுந்து கிணற்றடியில் நின்றவனே பின்னதை அறிவான்.

வமிசாவளி எழுதுவதிலும் நம் நாட்டிற்குரிய இடர்கள் உண்டு. மூத்த பெண்ணொருத்தியிடம் கணவன் பெயரைக் கேட்டால் சொல்லமாட்டாள். பக்கத்திலே விளையாடும் பேரனே அதைச் சொல்லுவான். தோடரிடையே இறந்தவர் பெயரைச் சொல்லலாகாது என்னும் விலக்கு இருந்ததால், றிவேர்ஸ் ஒரு குடும்பத்தின் வமிசாவளியைப் பிற குடும்பத்தாரிடம் கேட்டறியவேண்டியிருந்தது. பெயரைச் சொல்லாமை ஆய்வுக்குத் தடை என்று மாணவன் வருந்தவேண்டியதில்லை. எவர் பெயரை எவர் சொல்லார் என்பதே எழுதிவைக்கத்தக்க செய்தி.

இனிக் குறிப்பு எழுதும் முறை. நம் மாணவரிடத்தே காணப்படும் வழக்கமொன்று, பேச்சுமொழியிலே கேட்டதைச் செந்தமிழாக்கி எழுதுதல். பள்ளிக்கூடத்திலே கற்ற ஒழுங்கு அது. களக் குறிப்பிலோ அது கேடு. “எங்கடை ஆக்கள்” என்று ஒரு முதியவர் சொன்னதை “எம்மினத்தவர்” என்று எழுதிவிட்டால் பொருள் போய்விட்டது. அச்சொல் விரியவும் சுருங்கவும் வல்லது. கலியாணப் பேச்சிலே அது சொந்தக்காரரைக் குறிக்கும். கோயிற் பிணக்கிலே சாதியைக் குறிக்கும். பக்கத்து ஊரோடு சண்டை வந்தால் ஊரையே குறிக்கும். கொழும்பிலிருந்து பேசும்பொழுது தமிழர் அனைவரையும் குறிக்கும். எந்த இடத்தில், எவரிடம், எதைப் பற்றிப் பேசும்பொழுது சொன்னார் என்று உள்ளவாறே எழுதினாற்றான் அவ்வேறுபாடு பின்னர் விளங்கும். அன்று கேட்டதை அன்றிரவே எழுதிவிடவேண்டும். ஓரிரவு கழிந்தால் பிறர் சொன்ன சொல் மறைந்து நம் சொல் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

குறிப்புகளுக்குப் படி எடுத்து வேறிடத்தில் வைத்தலும் அவசியம். மைசூர் நாட்டிலே இராம்புரா என்று தாம் பெயரிட்ட ஊரை 1948-இல் ஆராய்ந்த எம். என். சிறீனிவாஸ், பல்லாண்டு உழைத்து வகைப்படுத்திய குறிப்புகளை 1970-இல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு தீவைப்பிலே இழந்தார். பின்னர் நினைவையே துணையாகக் கொண்டு எழுதிய நூல் 1976-இல் வெளிவந்தது. அது பெரும் புகழ் பெற்றது உண்மை. ஆயினும் அத்தகைய நினைவாற்றலை எல்லாரிடத்தும் எதிர்பார்த்தல் இயலாது.

நேயர்களே, இவையெல்லாம் ஆய்வேட்டுக்குரிய நுட்பங்கள்தாமே, மற்றவர்க்கு இவற்றால் ஆவதென்ன என்று வினாவலாம். யாரிடம் கேட்டு எழுதினார்கள் என்பது எத்துணைப் பெரிய காரியம் என்பதை யாழ்ப்பாண வரலாறே நமக்குக் காட்டியிருக்கிறது. ஒல்லாந்தர் காலத்திலே தேசாதிபதி சைமன்ஸ் என்பவரின் ஆணைப்படி, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்ந்தவர். தாம் நெடுங்காலம் கண்டறிந்தவற்றை எழுதினார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் வாசித்து, வழக்கத்தோடு ஒத்திருக்கிறதென்று ஒப்புக்கொண்டனர். 1707-இல் அது நிறைவெய்தியது. அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் ஆட்சியிலே 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்கு முழு வலுவும் அளித்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் நீதிமன்றத்தில் இன்றும் ஒலிப்பதற்கு அத்தொகுப்பே காரணம்.

ஒருவகையிலே அதுவும் கள ஆய்வுதான். நெடுங்கால வாசம், நேரிற் கண்டறிதல், எழுதியதை ஊராரிடம் காட்டிச் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் அதில் உண்டு. ஆனால் சரிபார்த்தவர் யாவர்? பன்னிரண்டு முதலியார்கள். நிலமுடையோர், ஆட்சியாளரோடு பழகியோர், அனைவரும் ஆண்கள். அந்நூலிலே அடிமைகளைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அப்பகுதி சரியா என்று எந்த அடிமையிடமும் கேட்கவில்லை. சீதனத்தைப் பற்றிய பகுதி உண்டு. அது சரியா என்று எந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை. போர்த்துக்கேயர் காலந்தொட்டு வழக்கங்கள் சில மாறின என்று அந்நூலே சொல்கிறது. எனினும் எழுத்திலேறியபின் மாறிக்கொண்டிருந்த வழக்கம் மாறாத சட்டமாயிற்று. அடிமைத்தளை 1844-இல் சட்டத்தால் ஒழிந்தது. 1911-ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டமோ, மணமான பெண் தன் அசைவற்ற சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்று விதித்தது. 1957-இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தபின்னரும், 1968-இல் மாவிட்டபுரத்திலே கோயிலுள் நுழைவதற்குப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. எவருடைய சொல் எழுதப்பட்டது, எவருடைய சொல் எழுதப்படவில்லை என்பது தலைமுறை தலைமுறையாக மக்களைத் தொடர்கிறது. களத்துக்குச் செல்லும் மாணவன் ஒவ்வொரு மாலையும் தன் கொப்பியைப் புரட்டி, இன்று எவரிடம் கேட்டேன், எவரிடம் கேட்கவில்லை என்று கணக்குப் பார்க்கவேண்டியது இதனாலேயாம்.

குடாநாட்டு ஆய்வாளனுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மயிலிட்டி, பலாலி, தையிட்டி முதலிய வலிகாம வடக்கு ஊர்களின் மக்கள் 1990 யூன் மாதத்திலே இடம்பெயர்ந்தனர். நிலங்கள் பகுதி பகுதியாகவே பின்னர் விடுவிக்கப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரிலே வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சோனகதெருவின் வீடுகள் வெறுமையாயின. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்தது. ஆகவே இன்று ஓர் ஊரைப் படிப்பது என்றால், அங்கு இருப்போரை மட்டும் எண்ணி முடிப்பதன்று. அவ்வூரின் ஒரு பகுதி தொறன்ரோவில் இருக்கலாம். ஒரு பகுதி இலண்டனில் இருக்கலாம். ஒரு பகுதி புத்தளத்தில் இருக்கலாம். வீட்டுக்கணக்கு எடுக்கும்பொழுது வெறுமையான வளவுக்கும் ஓர் எண் இடவேண்டும். அங்கு இருந்தவர் எங்கே, திரும்பி வந்தாரா, வராமைக்குக் காரணம் யாது என்று எழுதவேண்டும்.

ஆராய்பவனையும் காலம் விட்டுவைப்பதில்லை. உலகப் புகழ்பெற்ற மானிடவியலாளராகிய எஸ். ஜே. தம்பையா இலங்கைத் தமிழ்க் குடும்பத்திலே 1929-இற் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கற்பித்த காலத்தில், 1956-ஆம் ஆண்டு கல்லோயாக் குடியேற்றப் பகுதியிலே மாணவரோடு ஆய்வில் ஈடுபட்டிருந்தபொழுது அங்கு இனக்கலவரம் மூண்டது. பின்னர் அவர் தாய்லாந்தைத் தமது களமாகக் கொண்டார். 1983-ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னரே, 1986-இல், தாய்நாட்டின் இனப்பிளவைப் பற்றி நூலெழுதினார். களம் என்பது நாம் விரும்பிய பொழுதெல்லாம் திறந்திருக்கும் கூடமன்று.

இத்தகைய நிலத்திலே வினாவுவதற்கும் ஒரு வரம்பு வேண்டும். காணாமற்போன மகனைப் பற்றித் தாயிடம் கேட்கும் கேள்வி, ஆய்வேட்டுக்கு ஒரு பக்கம்; அவளுக்கு அது ஓரிரவுத் தூக்கம். அவள் தானாகச் சொன்னாற் கேட்கலாம், சொல்லும்வரை காத்திருக்கலாம், சொல்லாமலே விட்டால் அதையும் மதிக்கலாம். கொப்பியில் எழுதும் பெயர் பிறர் கையிற் சிக்கினால் அப்பெயருக்குரியவருக்குத் தீங்கு நேரலாம். ஆதலாற் பெயரை எழுதாது குறியீடு இடுதல் நன்று. அச்சிடும்பொழுது ஊருக்குப் புனைபெயர் இட்டால் மட்டும் போதாது. “மூன்று பெண்பிள்ளைகளையுடைய, சந்திக் கடை வைத்திருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர்” என்று எழுதினால், யாழ்ப்பாணத்திலே அவர் யாரென்று கண்டுபிடிக்க ஒருநாள் போதும். ஆளை மறைக்கவேண்டுமானால் அடையாளத்தையும் மறைக்கவேண்டும்.

இப்பயிற்சியைத் தொடங்கப் பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. உயர்வகுப்பு மாணவர் விடுமுறையிலே தத்தம் ஒழுங்கையின் இருபது வீடுகளுக்கு ஒரு படம் வரையலாம். வேலி எது, மதில் எது, பொட்டு இருந்த இடம் எது, கிணற்றிற் பங்குடையோர் எவர், பூட்டிய வீடு எது என்று குறிக்கலாம். அப்படத்தை அவ்வொழுங்கையின் முதியவர் ஒருவரிடமும், அங்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தியிடமும், அவ்வொழுங்கையார் கூலிக்கு அழைக்கும் குடும்பத்தார் ஒருவரிடமும் தனித்தனியே காட்டிப் பிழை திருத்தும்படி கேட்கலாம். மூவரும் மூன்று விதமாகத் திருத்துவர். அத்திருத்தங்களை அழித்துவிடாது மூன்றையும் வைத்துக்கொள்ளவேண்டும். எழுதி முடித்தபின் ஒரு படியை அவ்வூர் நூல்நிலையத்துக்குக் கொடுக்கவேண்டும். கேட்டுச் சென்றதை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது ஆராய்ச்சியாளனின் கடன். தமது வாழ்க்கை எவ்வாறு எழுதப்பட்டது என்பதைப் படித்து, இது சரி, இது தவறு என்று சொல்லும் உரிமை முதலியார் பன்னிருவருக்கு மட்டுமன்றி அவ்வூரில் வாழும் அனைவருக்கும் உரியது.